ஓய்வுநாள் மீன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு ஊர் இளவட்டங்கள் பந்து விளையாடலாம், அம்பு விடலாம், கம்பத்தைச் சுற்றி ஆடலாம், எந்தப் போதகரும் அதைத் தடுக்கக் கூடாது என்று அரசர் ஓர் உத்தரவு போட்டார். இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். டார்செட் பக்கத்தில் எழுபத்திரண்டு பேர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீடு வாசலை விற்று, வேமத் துறைமுகத்தில் 'சிப்போராள்' என்ற கப்பலில் ஏறினார்கள். பந்துக்குப் பயந்து கடலில் இறங்கிய கூட்டம் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

கூட்டத்துக்குத் தலைவர் போதகர் யாபேஸ் கிராம். உயரமான மனிதர், குரல் அவரைவிட உயரம். அவருடைய சபையில் சனிக்கிழமை சூரியன் அடைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். ஞாயிறு சூரியன் அடையும்வரை அடுப்பு மூட்டக் கூடாது, படுக்கை விரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. கிழிந்ததைத் தைத்தால் அதற்கு ஒரு விசாரணை உண்டு. அப்படி ஒரு சுத்தமான ஊரை அமெரிக்கக் கரையில் கட்டப்போவதாகச் சொல்லித்தான் எல்லாரையும் கப்பலேற்றினார். அந்த ஊருக்குப் போய்ச் சேர நடுவில் ஒரு சமுத்திரம் இருப்பதை அவர் பெரிய விஷயமாகச் சொன்னதில்லை.

ஏவிஸ் பெல்லுக்குப் பந்தின்மேல் எந்தக் கோபமும் கிடையாது. சின்ன வயதில் அவளே நன்றாக விளையாடியவள். அவள் கணவன் ஹம்ஃப்ரி வண்டிச்சக்கரம் செய்கிறவன். சக்கர வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற எல்லாவற்றிலும், கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னதே சரி என்பான். டார்செட்டில் அவனிடம் கடைசியாகப் பேசியவர் போதகர். அதனால் ஏவிஸ் இரண்டரை மாதக் கைக்குழந்தை டார்கஸோடு கப்பலின் கீழ்தளத்தில் கிடந்தாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். எழுபத்திரண்டு பேரும், பதினொரு பன்றியும், இரண்டு ஆடும், எல்லாருடைய வாந்தியும் அந்த ஒரே இடத்தில்தான்.

புயல் அடித்தபோதெல்லாம் போதகர் உபவாசம் அறிவித்தார். ஆறு வாரத்தில் எட்டுப் புயல், எட்டு உபவாசம். மிச்ச நாளில் சாப்பிட்டதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பன்றிகள் புயலில் செத்துப்போயின, பால் வற்றிய இரண்டு ஆட்டையும் புது ஊருக்கென்று தொடாமல் வைத்தார்கள். வெண்ணெய் கெட்டுப்போயிற்று. பீர் புளித்துவிட்டது. பிஸ்கட்டைத் தட்டினால் புழு வெளியே வந்து விழும், பிறகு புழு இல்லாமல் பிஸ்கட்டே இல்லை என்று தெரிந்து தட்டுவதையும் விட்டுவிட்டார்கள். ஏழாவது வாரம் ஈறு வீங்கி ரத்தம் கசியத் தொடங்கியது. சபைப் பெரியவரான மூப்பர் லூடருக்கு இரண்டு பல் பட்டாணிக் கஞ்சியில் விழுந்தது. அதையும் அவர் பாவத்தின் பலன் என்றார். யாருடைய பாவம் என்று மட்டும் சொல்லவில்லை, சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

எட்டாவது வாரம் ஏவிஸுக்குப் பால் வற்றியது.

ஒரே நாளில் வற்றிவிடவில்லை. முதலில் டார்கஸ் குடித்துவிட்டும் அழுதாள். பிறகு குடிக்கும்போதே அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டாள். குழந்தை அழாததைப் பார்த்து ஹம்ஃப்ரி, "பரவாயில்ல, பழகிட்டா போல" என்றான். ஏவிஸ் அவனைப் பார்த்த பார்வையில் வேறொருவனாக இருந்தால் எழுந்து போயிருப்பான். அதற்குள் அந்தக் கப்பலில் இருந்து மூன்று குழந்தைகளைச் சாக்கில் தைத்துக் கடலில் போட்டிருந்தார்கள். மூன்றும் சாவதற்கு முன்னால் அழுவதை நிறுத்தின என்பதை அவள் கவனித்திருந்தாள்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று அப்படியே நின்றுவிட்டது. மூடுபனி விலகியது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. ஆழம் குறைவான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மாலுமிகள் கத்தினார்கள். தூண்டிலை இறக்கியதுதான் தாமதம், ஒவ்வொரு கயிற்றிலும் காட் மீன். ஒரு மீன் ஒரு கைக்குழந்தை எடை. அரை மணி நேரத்தில் மேல்தளம் முழுக்க மீன் துள்ளியது. பெண்கள் கீழேயிருந்து ஏறி வந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தி அழுதேவிட்டாள்.

கப்பல்காரர்களுக்கு இந்தச் சபையார்மேல் மரியாதை கிடையாது, ஆனால் இரக்கம் இருந்தது. நாற்பது மீனை ஒதுக்கி, சமையல்காரன் குரோக்கர் போதகர் காலடியில் குவித்தான். "கப்பல் தலைவர் கொடுக்கச் சொன்னாருங்க. உங்க ஆளுங்களுக்கு."

போதகர் மீனைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கிழமை?"

"அது தெரியாதுங்க. இது மீனு" என்றான் குரோக்கர், வெளிநாட்டுக்காரரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி.

"ஓய்வுநாள்ல பிடிச்ச மீன். வனாந்தரத்துல கர்த்தர் வானத்துலேர்ந்து அனுப்பின மன்னா அப்பத்த ஓய்வுநாள்ல பொறுக்கப் போனவங்களுக்கு என்ன கெடச்சுது, தெரியுமா?"

"அவங்களுக்கு என்ன கெடச்சுதோ. நமக்கு மீனு கெடச்சிருக்குங்க."

மாலுமிகள் சிரித்தார்கள். சபையார் சிரிக்கவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "ஐயா, சாயங்காலம் வரைக்கும் அப்படியே வெச்சிருந்து, சூரியன் அடைஞ்சதும் சமைச்சா?"

மூப்பர் லூடர் திரும்பினார். இருந்த பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்ப திங்கறோம்கறது பேச்சில்ல. எப்ப பிடிச்சதுங்கறதுதான் பேச்சு" என்றார்.

உடனே அங்கேயே மேல்தளத்தில் சபை கூடியது. சாவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த கூட்டம், காலடியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, அதை உண்ணலாமா என்று வேதத்தைப் புரட்டி இரண்டு மணி நேரம் விவாதித்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பசித்தால் சாப்பிடத் தெரியும். கடைசியில் ஆண்கள் கையைத் தூக்கித் தீர்மானித்தார்கள்: மீனைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும். ஏவிஸ் ஹம்ஃப்ரியைப் பார்த்தாள். அவன் கையும் மேலே இருந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. நாற்பது மீனைத் தூக்கிப் போடுவது வேலை. ஓய்வுநாளில் வேலை செய்யலாமா? மாலுமிகளைப் போடச் சொன்னார்கள். குரோக்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்க வேல பிடிக்கறதோட சரிங்க." மறுபடி வேதம் புரட்டப்பட்டது. மீனை எறிவது 'அவசியமான காரியம்', அதனால் குற்றமில்லை என்று போதகர் தீர்ப்புச் சொன்னார். தின்பது அவசியமில்லை, எறிவது அவசியம். இரண்டு பேர் இரண்டு பேராக மீனைத் தூக்கி எறிந்தார்கள். பலவீனத்தில் ஒருவன் மீனோடு சேர்ந்து விழப் பார்த்தான்.

காற்றில்லாத கடல், நகராத கப்பல். எறிந்த மீன் எங்கே போகும்? வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றியே மிதந்தது. பறவைகள் வந்து உட்கார்ந்து கொத்தின. அந்தச் சத்தத்துக்கு நடுவே போதகர் மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்தார்.

ஏவிஸ் பிரசங்கத்தின் பாதியில் எழுந்தாள். டார்கஸ் அவள் தோளில் ஈரத்துணிபோலக் கிடந்தாள். எல்லார் முன்னாலும் நடந்து, மாலுமிகளின் அடுப்படிக்குப் போனாள். அங்கே பெரிய பானையில் மீனும் வெங்காயமும் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு கிண்ணம் குடுங்கண்ணே" என்றாள்.

குரோக்கர் பிரசங்கம் நடக்கும் பக்கம் எட்டிப் பார்த்தான். "தாயி, அந்தப் பக்கம் எல்லாரும் உன்னத்தான் பாக்கறாங்க. இப்படி உள்ள வந்து மறைவா உக்காந்து சாப்பிடு."

"மறைவா எதுக்கு? திருடவா செய்யறேன்?"

"அப்ப சரி" என்று சொல்லி அவன் இரண்டு கிண்ணம் நிறைய ஊற்றினான்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஈறு எரிந்தது. முள்ளைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டாள். ஹம்ஃப்ரி குனிந்துகொண்டே வந்து அவள் சால்வை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"ஏவிஸு, இந்தா, சொன்னாக் கேளு. எல்லாரும் பாக்கறாங்கடி. நமக்கு அங்க நெலம் வேணும். சபையில சேக்கலேன்னா நெலம் கெடையாது."

"நெலத்துல யாரப் பொதைக்கப் போறீங்க? இவளையா?"

"கர்த்தர் பாத்துப்பாரு."

"பாத்துட்டாரு. நாப்பது மீனு குடுத்தாரு. நீங்கதான் கையத் தூக்கித் திருப்பி அனுப்பிட்டீங்க. நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க, முள்ளு தெரியல."

மறுநாள் காலையில் அவளுக்கு மார்பு கனத்தது. டார்கஸ் குடித்தாள், குடித்து முடித்துப் பலமாக ஏப்பம் விட்டாள். மத்தியானம் கத்தி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஏவிஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். கீழ்தளத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் கதை வேறு. ஞாயிறு சூரியன் அடைந்த அதே நேரத்தில் காற்று எழுந்தது. கப்பல் தலைவர் பாய் விரிக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு ஊர் போய்ச் சேர வேண்டும், ஓய்வுநாள் முடிந்து இவர்கள் தூண்டில் போடுவதற்காக அவர் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சபையார் ஆசையாகத் தூண்டில் போட்டபோது கீழே அடி தட்டாத ஆழம். நாள் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பாசிகூட மாட்டவில்லை. மாலுமிகளோ தங்கள் பங்கைக் கீறி உப்புப் போட்டுக் கருவாடாகக் காயவைத்து, அதன் நிழலில் படுத்திருந்தார்கள்.

போதகர் அன்றே அறிவித்துவிட்டார்: ஏவிஸ் பெல் ஓய்வுநாளை மீறியவள், கரை சேர்ந்ததும் சபை முன்னால் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும், அதுவரை அவளோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. ஏவிஸுக்கு அது ஒரு வசதியாகவே இருந்தது. குரோக்கர் தினமும் ஒரு துண்டுக் கருவாட்டைச் சுட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவள் ஹம்ஃப்ரிக்கும் நீட்டுவாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவள் தூங்குவதாக நினைத்துக்கொண்டு மிச்ச முள்ளை எடுத்துச் சப்புவான். அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த பத்து நாளில் ஆறு பேர் செத்தார்கள். அதில் இரண்டு குழந்தைகள். நாற்பது மீன் இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் பிழைத்திருப்பார்களா என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

பதினோராம் நாள் பிற்பகல் போதகர் கீழ்தளத்துக்கு இறங்கி வந்தார். கையில் மகன் எபெனேசர். கப்பலிலேயே பிறந்த பிள்ளை, ஏழு வாரம்கூட ஆகவில்லை. அவர் மனைவி சூசன்னா கணவர் சொன்ன ஒவ்வொரு உபவாசத்தையும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைப்பிடித்தவள். அவளுக்கும் பால் வற்றிவிட்டது. குழந்தை அழவில்லை.

போதகர் ஏவிஸின் மூலையை மறைத்துத் தொங்கிய கித்தான் மறைப்புக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தார். பேசக் கூடாது என்று அவர் போட்ட உத்தரவு அவருக்கே குறுக்கே நின்றது. எவ்வளவு நேரம் கனைத்துக்கொண்டிருந்திருப்பாரோ தெரியாது. ஏவிஸ் மறைப்பை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு அவளுக்கு வழக்கு நடத்தத் தெரியாது.

எபெனேசருக்கு முதலில் சப்பவே தெம்பில்லை. ஏவிஸ் பீய்ச்சிப் பீய்ச்சி வாயில் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்துக்கொண்டான். மறைப்புக்கு அந்தப் பக்கம் போதகர் மெதுவாகச் சொன்னார்: "இது வெளியில தெரிய வேண்டாம், சகோதரி."

"எது வெளியில?" என்றாள் ஏவிஸ். "இங்க ஆளு இருமினா ஆடு திரும்பிப் பாக்குது. எல்லாருக்கும் தெரியும். போய்ப் புள்ளையோட அம்மாவ அனுப்புங்க, கருவாடு தரேன்."

"அது..."

"ஆமா. ஞாயித்துக்கெழம மீனுதான். உங்க புள்ள இப்பக் குடிக்கறதும் அதுதான்."

சூசன்னா வரவில்லை. அவரும் அனுப்பவில்லை. ஆனால் எபெனேசர் அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஏழு வேளை வந்தான்.

ஒருவழியாகக் கரை வந்தது. ஏறினவர்களில் இறங்கினவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். ஒரு மாட்டுக்கொட்டகையில் பாதியை மாட்டுக்கு விட்டு, மறுபாதியில் சபை கூடியது. அந்த முதல் ஓய்வுநாளில் என்ன செய்தார்கள்? சேர்ந்ததற்கு நன்றி சொன்னார்கள். செத்தவர்கள் பெயரை வாசித்தார்கள். அது முடிந்ததும் முதல் காரியமாக ஏவிஸ் பெல்லை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சமுத்திரம் தாண்டி வந்தும் அவர்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஏவிஸ் எபெனேசரை மடியில் வைத்திருந்தாள். டார்கஸ் ஹம்ஃப்ரியிடம் தூங்கினாள். ஹம்ஃப்ரி அவள் காதில், "ஒரு வார்த்தைதானே. சொல்லிடு. நாளைக்கு நெலம் அளக்கறாங்க" என்றான்.

போதகர் முகத்தைப் பார்க்காமல் படித்தார். "ஓய்வுநாளில் பிடிக்கப்பட்ட மீனை உண்டு, சபையின் தீர்மானத்தை அவமதித்து, இன்னும் மனந்திரும்பாமல்..." மூப்பர் லூடர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். "சகோதரி ஏவிஸ் பெல், நீ செஞ்சது பாவம்னு ஒத்துக்கறியா?"

அவள் எழுந்தாள். நடந்து அவரருகே போனாள். பால் குடித்துக்கொண்டிருந்த எபெனேசரின் வாயில் விரலை வைத்து மெதுவாக விடுவித்து, ரவிக்கையை மூடிக்கொண்டு, பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க சொன்னாச் சரிங்க ஐயா. அது பாவம்னா, அதுல வந்த பாலும் பாவந்தான். இனிமே உங்க புள்ளைக்கு அதக் குடுத்து நான் மேல மேல பாவம் செய்ய மாட்டேன். பிடிங்க."

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பாதியில் நிறுத்தப்பட்ட எபெனேசர் கத்தினான். அவனுக்கு இப்போது நல்ல தெம்பு. கொட்டகையின் அந்தப் பாதியில் மாடுகள் எழுந்து நின்றன. போதகர் தோளில் போட்டுத் தட்டினார். ஆட்டினார். சங்கீதம் ஒன்றைப் பாடச் சொல்லிச் சைகை காட்டினார். பத்துப் பேர் பாடத் தொடங்கினார்கள், குழந்தை அவர்களை மிஞ்சிக் கத்தியது, ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சூசன்னா எழுந்தாள். "யாபேஸ்" என்றாள். கணவரை அவள் சபையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

போதகர் ஏவிஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். பிள்ளையை நீட்டினார். ஏவிஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல சொல்லுங்க ஐயா. நான் தின்னது பாவமா?"

அவர் உதடு அசைந்தது. "இல்ல."

"கேக்கலீங்க. மீனத் திருப்பி எறிஞ்ச பிறகு புள்ளைங்களக் கடல்ல போட்டவங்க பின்னால உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும்."

அவள் கைகளை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்ததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. குழந்தை கத்தக் கத்த அவளுக்குப் பால் பொங்கி ரவிக்கை முழுக்க நனைந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் அரை நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால், அவளே பிள்ளையைப் பிடுங்கியிருப்பாள். அது அவருக்குத் தெரியாது.

"பாவமில்லை!" என்றார் போதகர், பிரசங்கம் செய்கிற அதே குரலில்.

கொட்டகையின் பின்பக்கத்தில் ஒரு பெண் எழுந்தாள். மீனை எறிந்த பிறகு வந்த பத்து நாளில் தன் பிள்ளையைச் சாக்கில் தைத்துக் கடலில் போட்டவள். போதகரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏவிஸ் எபெனேசரை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள், கொட்டகை அமைதியாயிற்று, அந்தப் பெண் உட்காரவில்லை.